யூரியா பயிருக்குப் போய்ச் சேர: வன்னி வயல்களுக்கான வழிகளின் ஒப்பீடு

ஓர் அந்தர் யூரியாவில், அதாவது 50 கிலோவில், 23 கிலோ நைதரசன் இருக்கிறது. தாழ்நில நெல்வயலில் அதை வழமைபோல் கையால் வீசும்போது, பயிர் எடுத்துக்கொள்வது பெரும்பாலும் 30 முதல் 40 சதவீதம், அதாவது 7 முதல் 9 கிலோ மட்டுமே. மீதியில் ஒரு பகுதி மண்ணின் சேதனப் பொருளோடு சேர்ந்து பின்னால் வரும் பயிருக்கு ஓரளவு பயன்படும். ஏனையது காற்றிலும் நீரிலும் கலந்து வயலை விட்டுப் போய்விடும். இலங்கையில் 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டபோதும், அவ்வாண்டு நவம்பரில் தடை நீங்கிய பின்னர் விலை பல மடங்காக ஏறியபோதும், ஒரு மூடைக்காக வரிசையில் நின்ற வன்னிக் கமக்காரர் எவருக்கும் இந்தக் கணக்கு வலிக்கும். மூடையைப் பெறுவதற்கு நாம் பட்ட பாட்டில் பாதியையேனும் அதை வயலில் வைத்திருப்பதற்குப் படவில்லை என்பதே என் எண்ணம்.

நைதரசன் இழப்பைக் குறைக்கப் பல வழிகள் சொல்லப்படுகின்றன: தவணை பிரித்தல், இலை நிற அட்டை, நீர் வடித்து வீசுதல், ஆழத்தில் வைத்தல், வேப்பம் பிண்ணாக்குக் கலத்தல், தடுப்பான் பூசிய யூரியா, சேதனப் பசளை, திரவ நனோ யூரியா. இவற்றில் எது சிறந்தது என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. நைதரசன் வயலை விட்டுப் போகும் வாசல்கள் வேறு வேறானவை. ஒரு வாசலை அடைக்கும் முறை மற்றொன்றைத் திறந்துவிடவும் கூடும். ஆகவே நமது வயலில் எந்தப் போகத்தில் எந்த வாசல் திறந்திருக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

முதல் வாசல் அமோனியா. மண்ணில் விழுந்த யூரியாவை யூரியேசு என்ற நொதியம் சில நாட்களுக்குள் அமோனியமாக மாற்றுகிறது. அப்போது குருணையைச் சுற்றியுள்ள இடம் காரத்தன்மை அடைகிறது. 30 பாகை வெப்பத்தில், நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஎச் பெறுமானம் 7 ஆக இருந்தால் அமோனியத்தில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவான பங்கே வாயு அமோனியாவாக இருக்கும்; 8 ஆனால் ஏழெட்டுப் பங்கு; 9 ஆனால் ஏறத்தாழ நாற்பத்தைந்து பங்கு. வயலில் தேங்கிய நீரில் பாசி இருந்தால், அது பகல் வெயிலில் நீரிலுள்ள காபனீரொட்சைட்டை எடுத்துக்கொள்ள, பிற்பகலில் பிஎச் 9 ஐயும் தாண்டுவது சாதாரணம். பயிர் இன்னும் நிலத்தை மூடாத, வெயில்காலச் சிறுபோக வயலில், நல்ல வெயிலும் சோளகக் காற்றும் சேர்ந்த நாளில், தேங்கிய நீருக்குள் யூரியா வீசுபவர் அதில் ஒரு பெரும் பங்கைக் காற்றுக்குத்தான் கொடுக்கிறார். இந்த இழப்பு வீசிய பின் வரும் ஒரு வாரத்திலேயே பெரும்பாலும் நடந்து முடிகிறது.

இரண்டாவது வாசல் நைத்திரேற்று; நமது மாரிமழைக் காலபோகத்தில் இதுவே பெரிது. வன்னியின் மானாவாரி வயல்களிலும் குளத்து வயல்கள் பலவற்றிலும் புரட்டாதியில், காய்ந்த மண்ணில் விதைக்கும் புழுதி விதைப்பு நடைபெறுகிறது. முதல் மழையில் மண் ஈரமாகிறது, ஆனால் நீர் நிற்பதில்லை; காற்றோட்டம் உள்ள அந்த மண்ணில் பற்றீரியாக்கள் அமோனியத்தை நைத்திரேற்றாக மாற்றுகின்றன. களித்துணிக்கை அமோனியத்தைப் பிடித்து வைத்திருக்கும். நைத்திரேற்றை அதனால் பிடிக்க முடியாது. பின்னர் ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வாடைமழை கொட்டி வயல் நிரம்பும்போது, மணற்பாங்கான நிலத்தில் நைத்திரேற்று கீழே கழுவப்பட்டுப் போகிறது. களி நிலத்தில் ஒட்சிசன் அற்ற மண்ணில் வாழும் பற்றீரியாக்கள் அதை நைதரசன் வாயுவாக மாற்றி வெளியே விடுகின்றன. இந்த மாற்றத்தின் இடைவழியில் வெளிவரும் நைத்திரசு ஒட்சைட்டு, நிறைக்கு நிறை பார்த்தால், நூறு ஆண்டுக் கணக்கில் காபனீரொட்சைட்டைவிட ஏறத்தாழ 273 மடங்கு புவியைச் சூடாக்கும் வாயு. காய்ந்தும் நனைந்தும் மாறி மாறி வரும் மண்ணில் இவ்விழப்பு மிக அதிகம். காலபோகத்தின் முதல் ஆறு வாரங்கள் பெரும்பாலும் அப்படியானவைதாம்.

மூன்றாவது வாசலைச் சொல்ல இயற்பியலோ இரசாயனமோ தேவையில்லை. யூரியா மண்ணில் ஒட்டாமல் நீரோடு ஓடும்; வீசிய அன்றிரவு பெருமழை பெய்து வரம்பு மேவினால் அது அடுத்தவர் வயலுக்கோ கழிவாய்க்காலுக்கோ போய்விடும். 2018 டிசம்பரில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் மூழ்கியபோது, அதற்கு முந்திய நாட்களில் வளரும் பயிருக்கு மேற்கட்டுப் பசளை போட்டவர்களுக்கு இதை எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இனி வழிகளுக்கு வருவோம். செலவே இல்லாததும் வன்னிக்கு மிகப் பெரிய பலன் தரக்கூடியதும் என நான் கருதுவது, புழுதி விதைப்போடு யூரியாவை அடிக்கட்டாகப் போடும் வழக்கத்தைக் கைவிடுவதாகும். முளைத்து வரும் நெல் முதல் இரண்டு வாரங்களுக்குப் பெரும்பாலும் விதையிலுள்ள உணவையே நம்பியிருக்கிறது. அதன் வேர் சிறிது, தேவையும் சிறிது. அந்த நேரத்தில் மண்ணில் கிடக்கும் நைதரசனை நைத்திரேற்றாக்கும் பற்றீரியாவும் களையும் எடுத்துக்கொள்கின்றன, பயிர் எடுப்பதில்லை. விவசாயத் திணைக்களத்தின் நெற்செய்கைச் சிபாரிசுகளிலும் யூரியா முளைப்பின் பின்னரே பல தவணைகளாகப் பிரித்துக் கொடுக்கப்படுகிறது. ஆனால் விதைப்பு நாளில் உழவு இயந்திரமும் ஆளும் வயலில் நிற்கும்போது எல்லாவற்றையும் ஒரே வேலையாக முடித்துவிட வேண்டும் என்ற நெருக்கம் உண்டு என்பதை நானும் அறிவேன். ஒரு காலபோகத்தில் நானும் அப்படித்தான் ஏக்கருக்கு அரை அந்தரை விதைப்போடு சேர்த்துப் புரட்டினேன். மழை மூன்று வாரம் இடைவிட்டு இடைவிட்டுத் தூறி, பிறகு ஒரே கிழமையில் வயலை நிரப்பியது. நீர் நின்ற பத்தாம் நாள் பயிர் மஞ்சளித்தது. களை மட்டும் கருகருவென்று நின்றது.

அடிக்கட்டில் யூரியாவை நிறுத்துவது பொஸ்பரசுக்குப் பொருந்தாது. அதை விதைப்பின்போதே மண்ணோடு கலக்க வேண்டும். அது ஆவியாவதும் இல்லை, எளிதில் கழுவப்படுவதும் இல்லை.

தவணை பிரிப்பதில் எத்தனை தவணை என்பதைவிட எப்போது என்பதே முக்கியம். மட்டம் வெடித்துப் பயிர் கிளைக்கத் தொடங்குவதிலிருந்து இளங்கதிர் உருவாகும் பருவம் வரையான காலத்தில்தான் நெல் நைதரசனை மிக வேகமாக எடுக்கிறது. இளங்கதிர்ப் பருவத்தில் கொடுக்கும் யூரியாவில் பயிருக்குச் சேரும் பங்கு, தொடக்கத்தில் கொடுப்பதைவிடத் தெளிவாக அதிகம். நாட்காட்டியைப் பார்த்துப் போடுவதற்குப் பதிலாகப் பயிரைப் பார்த்துப் போட உதவுவது, வெளிறிய பச்சையிலிருந்து கரும்பச்சை வரை நிறங்கள் வரிசையாக உள்ள இலை நிற அட்டை. பத்துப் பயிர்களை வயலின் பல இடங்களில் தெரிந்து, முற்றாக விரிந்த மேலிலையை, வெயில் நேரே படாமல் நமது உடலின் நிழலில் பிடித்து, காலை எட்டு மணிக்கும் பத்து மணிக்கும் இடையில், ஏழு முதல் பத்து நாட்களுக்கு ஒருமுறை அட்டையோடு ஒப்பிட வேண்டும். பத்தில் ஆறோ அதற்கு மேலோ குறிக்கப்பட்ட நிறத்திலும் வெளிறியிருந்தால் அந்தத் தவணையைக் கொடுக்க வேண்டும், இல்லையெனில் பொறுத்திருக்க வேண்டும். இதன் உண்மையான இலாபம் மிச்சமாகும் யூரியாவில் மட்டும் இல்லை. கரும்பச்சையாகத் தழைத்த வயலைத்தான் எரிபந்த நோயும் கபிலநிறத் தத்திப் பூச்சியும் தேடி வருகின்றன. கதிர் முற்றும்போது சாய்வதும் அந்த வயல்தான். அயலாரின் வயல் கரும்பச்சையாக நிற்க நம் வயல் சற்று வெளிறி நிற்பதைப் பார்த்துக்கொண்டு பொறுப்பதற்கு மனத்திடம் வேண்டும். இந்த முறையின் கடினமான பகுதி அதுதான்.

நீரை வைத்து யூரியாவைக் காப்பது அடுத்த வழி. வயலை வடித்து, சேறு ஈரமாக இருக்கும் நிலையில் வீசி, ஓரிரு நாளில் மெல்ல நீரைக் கட்டினால், கரைந்த யூரியா மண்ணுக்குள் இறங்குகிறது. நீர்ப்பரப்பில் நின்று ஆவியாவது குறைகிறது. இதற்குக் காசு தேவையில்லை, ஆனால் நீர் நம் கையில் இருக்க வேண்டும். இரணைமடுக் குளத்தின் கீழ் ஏறத்தாழ 21,000 ஏக்கர் வயல் இருந்தாலும், சிறுபோகத்தில் நீரின் அளவைப் பார்த்துக் கூட்டத்தில் தீர்மானிக்கப்படும் பங்கு மட்டுமே விதைக்கப்படுகிறது. வாய்க்காலில் தண்ணீர் முறை வைத்தே வருகிறது. வாய்க்காலின் தலைப்பில் இருப்பவர் நினைத்த நாளில் வடித்து நினைத்த நாளில் கட்டலாம். கடைப்பகுதியில் இருப்பவர் வடித்துவிட்டால் அடுத்த முறை வரும் வரை மண் வெடிக்கும். அப்படிக் காய்ந்தால் உருவாகும் நைத்திரேற்று, பின்னர் நீர் கட்டும்போது இரண்டாவது வாசலால் போய்விடும். ஆகவே கடைப்பகுதிக் கமக்காரருக்கு நான் சொல்வது, தண்ணீர் முறைக்கு முதல் நாள், வயலில் நீர் தானாக வற்றிச் சேறாக இருக்கும்போது வீசி, மறுநாள் வரும் நீரை வரம்பிலுள்ள வக்கடையை அடைத்து உள்ளே நிறுத்த வேண்டும் என்பதுதான். இதற்குத் தண்ணீர் வரும் நாள் தவறாமல் முன்கூட்டித் தெரிய வேண்டும். பசளைச் சிக்கனத்தைப் பற்றிக் கமக்கார அமைப்பின் கூட்டத்தில் பேசக்கூடிய மிகப் பயனுள்ள விடயம், என் பார்வையில், இந்த நாள் ஒழுங்குதான்.

அமோனியா இழப்பை ஏறக்குறைய முழுமையாக நிறுத்தும் முறை ஒன்று உண்டென்றால் அது ஆழத்தில் வைத்தல். 1.8 அல்லது 2.7 கிராம் நிறையுள்ள யூரியா உருண்டையை, வரிசை நடுகை வயலில் நான்கு நாற்றுகளுக்கு நடுவே, 7 முதல் 10 சென்ரிமீற்றர் ஆழத்தில் புதைப்பார்கள். அங்கே ஒட்சிசன் இல்லாததால் அமோனியம் அமோனியமாகவே களியில் ஒட்டி நின்று, வேருக்கு மெதுவாகக் கிடைக்கிறது. பங்களாதேசில் பரவலாகக் கைக்கொள்ளப்பட்ட இந்த முறையில் யூரியாத் தேவை ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைந்தது, விளைச்சலும் கூடியது. இவ்வளவு நல்ல முறையை ஏன் நான் முதலிடத்தில் வைக்கவில்லை என்பதற்கு ஒரு சிறு கணக்குப் போதும். 20 சென்ரிமீற்றர் இடைவெளியில் நட்ட வயலில் நான்கு நாற்றுக்கு ஓர் உருண்டை என்றால், ஏக்கருக்கு ஏறத்தாழ 25,000 உருண்டைகள், 2.7 கிராம் உருண்டையாயின் 68 கிலோ யூரியா. கையால் வைத்தால் 25,000 தடவை குனிய வேண்டும். வன்னியில் நெல் பெரும்பாலும் விதைப்பு நெல், வரிசை இல்லை. கூலியாள் கிடைப்பதும் அரிது. உருண்டையை அழுத்தி எடுக்கும் இயந்திரமும் அயலில் இருக்க வேண்டும். நாற்று நடும் இயந்திரம் கிடைக்கிற, அரை ஏக்கர் ஒரு ஏக்கர் அளவில் விதைநெல்லுக்காக வரிசையில் நடுகிற குடும்பத்துக்கு இது பொருந்தும். நீர் கடகடவென்று கீழிறங்கும் மணல் நிலத்தில் எவருக்கும் பொருந்தாது.

வேம்பு நமக்கு அந்நியம் இல்லை. சித்திரையில் பூத்து ஆடி மாதத்தில் பழம் சொரிகிற மரம் வன்னியில் வளவுக்கு ஒன்றேனும் நிற்கிறது. கொட்டையைப் பொறுக்கி, உலர்த்தி, எண்ணெய் எடுத்தால் மிஞ்சும் பிண்ணாக்கு புரட்டாதி விதைப்புக்கு முன்னரே ஆயத்தமாகிவிடும். இந்தியாவில் 2015 இல் உள்நாட்டு யூரியா உற்பத்தி வேப்பெண்ணெய் பூசியதாக இருக்க வேண்டுமென அரசு கட்டாயமாக்கியது. வீட்டு முறையில், ஐந்து பங்கு யூரியாவுக்கு ஒரு பங்கு பொடித்த வேப்பம் பிண்ணாக்கு, அதாவது ஓர் அந்தருக்கு 10 கிலோ, கலந்து ஓரிரவு வைத்திருந்து மறுநாள் வீசுவார்கள். வேம்பிலுள்ள கசப்புச் சேர்வைகள் அமோனியத்தை நைத்திரேற்றாக்கும் பற்றீரியாவைச் சில வாரங்களுக்குத் தளரச் செய்கின்றன. ஆகவே இது இரண்டாவது வாசலுக்கான கதவு: காலபோகத்தில் மழைக்கிடையே போடும் முதல் தவணைக்கும், விசுவமடு போன்ற இடங்களில் மேட்டுநிலத்து மிளகாய், வெங்காயத் தோட்டங்களுக்கும் ஏற்றது. தோட்டத்துக்கு அருகே குடிநீர்க் கிணறு இருந்தால் இந்தக் காரணம் இன்னும் வலுக்கிறது. குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை, தாண்டினால் முதலில் பாதிக்கப்படுவது கைக்குழந்தை. ஆனால் வேம்பு அமோனியா இழப்பை நிறுத்தாது. நைதரசனை அமோனியமாகவே நெடுநேரம் நிறுத்தி வைப்பதால், காரமான மண்ணின் மேற்பரப்பில் அது அமோனியா இழப்பைக் கூட்டவும் கூடும்.

இதனால்தான் மன்னார்ப் பக்கத்து முருங்கனையும் கட்டுக்கரைக் குளத்து வயல்களையும் தனியாகப் பேச வேண்டியிருக்கிறது. காங்கேசன்துறைச் சீமெந்துக்கு ஒரு காலத்தில் களி கொடுத்த அந்த மண், காய்ந்தால் பிளக்கும், சுண்ணம் கலந்த கார மண். அங்கே அமோனியா வாசல்தான் அகலமானது. யூரியேசு நொதியத்தைத் தற்காலிகமாக நிறுத்தும் தடுப்பான் பூசிய யூரியாவுக்கு வன்னியில் பொருத்தமான இடம் உண்டென்றால் அது அங்கேதான். என்-பி-பி-டி என்ற சேர்வை பூசிய யூரியா, உடைவதை ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் வரை தாமதப்படுத்தி, அமோனியா இழப்பைச் சராசரியாகப் பாதியளவாகக் குறைக்கிறது. அந்த இடைவெளியில் ஒரு மழையோ ஒரு தண்ணீர் முறையோ யூரியாவை மண்ணுக்குள் இறக்கிவிடும். அமில மண்ணில் அது விரைவில் சிதைந்துவிடும். வெப்பமான களஞ்சியத்தில் மாதக்கணக்கில் கிடந்தாலும் வலு குறையும். சேற்றில் வீசி நீர் கட்ட முடிந்தவருக்கு அதே பலன் காசின்றிக் கிடைப்பதால், மேலதிக விலை கொடுக்க வேண்டியவர் நீர் கையில் இல்லாதவர் மட்டுமே. பிளாத்திக்குப் பூச்சுள்ள மெல்ல விடும் யூரியா நன்றாக வேலை செய்யும், ஆனால் நெல்லுக்கு அந்த விலை கட்டுபடியாகாது. பூச்சும் மண்ணிலேயே தங்கிவிடும்.

நனோ யூரியாவைப் பற்றி ஒரு கணக்கு மட்டும். 2021 இன் இறுதியில் இந்தியாவிலிருந்து வந்த திரவத்தில் 4 சதவீத நைதரசன்; அரை லீற்றர்ப் போத்தலில் 20 கிராம். ஒரு தொன் நெல் விளைவிக்கப் பயிர் 15 முதல் 20 கிலோ நைதரசன் எடுக்கிறது. இலைவழித் தெளிப்பு ஒரு துணையாக இருக்கலாம்; மூடைக்கு ஈடாக அதை நம்பி வயலை விதைக்க முடியாது.

சேதனப் பசளையை இந்த ஒப்பீட்டில் எதிரணியாக வைப்பது பிழை. 1,000 கிலோ கிளிசரிடியாப் பச்சிலையில் ஏறத்தாழ 6 முதல் 9 கிலோ நைதரசன் இருக்கிறது. ஓர் அந்தர் யூரியாவுக்கு ஈடாக மூன்று தொன் தழை வெட்டிச் சுமக்க வேண்டும். யூரியாவை முற்றாக நீக்க அது போதாது என்பதை 2021 காலபோகத்தில் கண்டோம். ஆயினும் சேதனப் பொருள் கூடிய மண் அமோனியத்தைப் பிடித்து வைக்கும் வலு கூடியது, ஆகவே மேலே சொன்ன ஒவ்வொரு முறையும் அங்கே நன்றாகப் பலிக்கும். மாட்டுப்பட்டியை வயலில் மாற்றி மாற்றிக் கட்டுவது வன்னியின் பழைய அறிவு; ஆனால் மாட்டுச் சலத்திலுள்ள நைதரசனும் பெரும்பாலும் யூரியாதான், வெயிலில் கிடந்தால் அதுவும் அதே வாசலால் போகும், எனவே பட்டி கிளப்பியதும் மேலாக ஓர் உழவு வேண்டும். வைக்கோலைக் கொளுத்துவதை மட்டும் என்னால் பொறுக்க முடிவதில்லை. ஒரு தொன் வைக்கோலில் ஐந்தாறு கிலோ நைதரசன் உண்டு. தீ வைத்த ஒரு மணி நேரத்தில் அது அநேகமாக முழுவதும் போய்விடுகிறது. அறுவடை முடிந்த ஈரத்திலேயே புரட்டிவிட்டால் அடுத்த விதைப்புக்குள் மக்கிவிடும். விதைப்புக்குச் சற்று முன்னர் புரட்டினால்தான் அது பயிரோடு நைதரசனுக்குப் போட்டியிடும்.

ஆகவே என் தெரிவு நிலத்துக்கு நிலம் மாறுகிறது. மானாவாரியாகப் புழுதி விதைப்பவர் அடிக்கட்டு யூரியாவை நிறுத்தி, முதல் தவணையை வேப்பம் பிண்ணாக்கோடு கலந்து, களை பிடுங்கிய பின்னர், கனமழை எச்சரிக்கை இல்லாத நாளில் போடட்டும். இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் போன்ற குளங்களின் கீழ்ச் சிறுபோகம் செய்பவர் இலை நிற அட்டையையும் தண்ணீர் முறையையும் இணைக்கட்டும். வேம்புக்காக அவர் காசு செலவிட வேண்டியதில்லை. முருங்கன் களியில் தடுப்பான் பூசியது கிடைத்தால் ஒரு தவணைக்கு வாங்கிப் பார்க்கலாம், வேம்பை அங்கே மேலே வீசுவதைத் தவிர்க்கலாம். ஆழத்தில் வைப்பதை நடுகை வயல் உள்ளவர் பத்துப் பரப்புக்கு, அதாவது அரை ஏக்கரைவிடச் சற்றுக் கூடிய அளவுக்கு, மேல் தொடக்கத்தில் எடுக்க வேண்டாம்.

இந்தப் புரட்டாதியில் நான் நான்கு ஏக்கரில் மூன்றை மேற்சொன்னபடி செய்யப்போகிறேன். வாய்க்காலோரமுள்ள நாலாவது ஏக்கருக்குப் பழைய வழக்கப்படியே, அடிக்கட்டோடும் அதே மொத்த அளவோடும் பசளை போடுவேன். மாசியில் அந்த ஒரு ஏக்கரின் நெல்லைத் தனியாக வெட்டி, தனியாக மூடை கட்டி, களத்தில் நிறுத்துப் பார்ப்பதற்காக அறுவடை இயந்திரக்காரரிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.